ரசீது கேட்காதவருக்கும் ரசீது

(சிறு அறக்கட்டளை நிர்வாகிகள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம். மாலைநேரப் பள்ளி, முதியோர் இல்லம், சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நடத்துகிறவர்கள்தான் இங்கே அதிகம் வந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களின் கணக்கைப் பார்ப்பது என் தொழில், அதனால் உங்கள் கவலை எனக்குத் தெரியும். போன வருஷம் பணம் தந்தவரை இந்த வருஷம் காணோம். தொடக்க விழாவுக்கு வந்த கூட்டம் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருவதில்லை. இதற்கு என்ன மென்பொருள் வாங்கலாம், வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு எத்தனை படம் போடலாம் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல என்னைவிட விவரமான பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் உங்களை 1894-ஆம் வருஷத்து டர்பனுக்கு அழைத்துப் போகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க ஒரு மசோதா வந்த நேரம். அதை எதிர்க்க அந்த ஆகஸ்ட் மாதம் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவானது. செயலாளர் காந்தி, வயது 24. சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங் (அன்றைய பிரிட்டிஷ் பணம், 20 ஷில்லிங் ஒரு பவுன்), வசதியுள்ளவர்கள் கூடவே தரவேண்டும். வணிகர் அப்துல்லா சேட் மாதம் 2 பவுன் என்று எழுதிப் பட்டியலைத் தொடங்கிவைத்தார். காந்தி தன் பேரில் 1 பவுன் எழுதினார்.

அப்புறம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் பழக்கமான கதை. பேர் எழுதின அன்றைக்கு இருந்த வேகம் அடுத்த மாதம் இல்லை. வெளியூர் உறுப்பினர்களை அடிக்கடி போய்ப் பார்க்க முடியவில்லை, உள்ளூர்க்காரர்களிடமும் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. காந்தியின் குமாஸ்தாவுக்கு நாள் முழுக்க வசூல் வேலைதான், மனுஷர் சலித்துப்போனார். நாமாக இருந்தால் ‘சமுதாயத்துக்கு அக்கறை இல்லை’ என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருப்போம். காந்தி கூட்டத்தைக் கூட்டி, சந்தாவை வருஷத்துக்கு ஒருமுறை முன்பணமாக வாங்கலாமா, குறைந்தது 3 பவுன் என்று வைக்கலாமா என்று உறுப்பினர்களையே கேட்டார். எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 5 ஷில்லிங் வீதம் 12 மாதத்துக்கு 60 ஷில்லிங், அதாவது அதே 3 பவுன். தொகை ஒரு காசு குறையவில்லை. பன்னிரண்டு தடவை கை நீட்டுவது ஒரு தடவையாகிவிட்டது, அவ்வளவுதான். உங்களில் எத்தனை பேர் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, பள்ளி திறப்புக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? கேட்கிற நாள்களைத் தவிர மற்ற நாளில் அவர்களிடம் பேசுகிறீர்களா?

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் தந்தவர்கள் யாரும் ரசீதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று காந்தி தன் வரலாற்றில் எழுதுகிறார். சங்கத்துக்காரர்கள்தான் வற்புறுத்தி ரசீது கொடுத்தார்கள். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருந்தது. அந்த 1894 கணக்குப் புத்தகம் இன்றைக்கும் காங்கிரஸ் ஆவணங்களில் சேதமில்லாமல் இருக்கும் என்று முப்பது வருஷம் கழித்தும் அவரால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. இத்தனைக்கும் ஆரம்பத்தில் ரசீதுப் புத்தகம்கூட அச்சடிக்கவில்லை. பணமும் உறுப்பினர்களும் பெருகிய பிறகுதான் அச்சகத்துக்குப் போனார்கள். இன்றைக்கு லெட்டர்ஹெட், லோகோ, பளபளக்கும் ஆண்டறிக்கை எல்லாம் முதல் மாதமே வந்துவிடுகிறது. ரசீதுதான் மூன்று மாதம் கழித்து, அதுவும் நன்கொடையாளர் இரண்டு தடவை போன் செய்த பிறகு போகிறது.

சரி, வசூலுக்கு எவ்வளவு தூரம் போகலாம்? டோங்காட் என்ற ஊரில் ஒரு வணிகரிடம் 6 பவுன் எதிர்பார்த்துப் போனார்கள். அவர் 3 பவுனுக்கு மேல் பேசவே மாட்டேன் என்றார். அவர்தான் அன்றைக்கு விருந்தளிப்பவரும்கூட. அவரிடம் பாதியை வாங்கிக்கொண்டால் மற்றவர்களும் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். பணம் வராமல் சாப்பிடுவதில்லை என்று எல்லாரும் பசியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். விடியும் நேரத்தில் அவர் இறங்கிவந்து 6 பவுனைத் தந்து, விருந்தும் போட்டார். செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவி, வசூல் சுறுசுறுப்பானது. தயவுசெய்து இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள், போலீஸ் வரும். நான் பார்ப்பது வேறு: செயலாளரே நேரில் போயிருக்கிறார், உள்ளூர் ஆள்களோடு போயிருக்கிறார், ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம் என்று வைக்கவில்லை.

இவ்வளவு நல்ல சங்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கூலித் தொழிலாளிகள், ஒப்பந்தத்தில் வந்த தோட்டத் தொழிலாளிகள் அதில் இல்லை. அவர்களால் அந்தச் சந்தாவைக் கட்ட முடியாது. அவர்களுக்கு வேலை செய்தால் ஒழிய அவர்கள் ஒட்டமாட்டார்கள் என்று காந்திக்குத் தெரிந்திருந்தது, வழிதான் தெரியவில்லை. வழி தானாக நடந்து வந்தது. கிழிந்த துணியோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவர் அலுவலகத்துக்கு வந்து அழுதார். முதலாளி அடித்திருந்தான். காந்தி மருத்துவரிடம் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய், கடைசியில் அவரை வேறு முதலாளியிடம் மாற்றிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்துக்குத் தொழிலாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மேல் போட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து 1913-இல் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் இந்தத் தொழிலாளர் கூட்டம்தான். 1914-இல் அந்த வரி போனது. ஆதரவாளர் பட்டியல் என்றால் பணம் தருகிறவர்களின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்களே, உங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மாவின் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

இங்கே யாராவது எழுந்து, ‘பேசாமல் ஒரு கார்ப்பஸ் நிதி, அதாவது அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு செய்யும் நிரந்தர நிதி, சேர்த்து வங்கியில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று கேட்கலாம். நம் ஊருக்கு அது புதிதல்ல. கோயில் விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று விட்டு, ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாத, மூப்படையாத ஆடு, அதாவது எண்ணிக்கை குறையாத மந்தை) என்று கல்லில் வெட்டிவைத்தவர்கள் நாம். நேட்டால் காங்கிரசும் நிதி திரட்டிச் சொத்து வாங்கியது, வாடகையிலேயே செலவு நடந்தது. காந்தி கிளம்பிய பிறகு உள்சண்டை வந்து, வாடகைப் பணம் கோர்ட்டில் குவிந்தது. பொது நிறுவனம் நிரந்தர நிதியில் வாழக்கூடாது, மக்கள் வருஷாவருஷம் தரும் பணம்தான் அதற்குப் பரீட்சை என்பது அவருடைய முடிவு. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு நாளைக்குச் சோறு போட வேண்டியவரிடம் போய்ப் பரீட்சை எழுதச் சொல்ல முடியாது. ஒரு வருஷச் செலவுக்குக் கையிருப்பு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நன்கொடையாளரைப் பார்க்கவேண்டிய அவசியம் போய்விடும், அப்புறம் பொதுக்குழு சம்பிரதாயமாகிவிடும். அதை நான் புத்தகங்களில், அதாவது கணக்குப் புத்தகங்களில், பார்த்திருக்கிறேன்.

தேவைக்கு மேல் பணம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 2004 டிசம்பர் சுனாமிக்கு உலகமே பணம் அனுப்பியது. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமி வேலைக்கு எங்களுக்கு வேண்டியது வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்பாதீர்கள் என்று அறிவித்தது. ஏற்கெனவே தந்தவர்களிடம், மீதியை சூடானின் டார்ஃபூர் போன்ற வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா, இல்லை திருப்பித் தரட்டுமா என்று கேட்டது. மற்ற அமைப்புகள் முகம் சுளித்தன. நன்கொடையாளர்களில் மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். ‘கேட்டார்களே’ என்பது போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி நம் வேலை. ரசீதோடு வரிச்சான்றும் போகவேண்டும். படிவம் 10பிஇ என்று நமக்குப் பழகிய அந்தச் சான்றுக்கு நன்கொடையாளரின் பான் போன்ற அடையாள எண் வேண்டும். அதைப் பணம் வாங்கும் அன்றைக்கே கேளுங்கள், மே மாதக் கடைசியில் பதறாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி என்று நமக்குப் பழகிய நன்கொடை வரிச்சலுகை கிடையாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை, ஆகவே வரியைக் காட்டி இழுக்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2021 அக்டோபரில் கார்டுகளில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபோது, மாதாமாதம் வந்துகொண்டிருந்த சின்னத் தொகைகள் பல இடங்களில் அப்படியே நின்றன. கார்டு காலாவதியானாலும் நிற்கும், வங்கிக் கணக்கை மாற்றினாலும் நிற்கும். நாம் என்ன நினைக்கிறோம்? ‘அவருக்கு நம்மேல் பிடிப்பு விட்டுப்போச்சு’ என்று. நாளைக்குக் காலையில் அப்படிப் பணம் நின்றுபோனவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். பணத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம், முதலில் அவர் தந்த பணத்தில் போன வருஷம் என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லுங்கள். தன் பணம் நின்றுபோனதே அவர்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்காது.