"இதை யார் சொன்னது?"

நண்பர்களே,

தலைமைத்துவம், நிறுவன மேம்பாடு (நிறுவனத்தில் ஆட்கள் சேர்ந்து வேலை செய்யும் விதத்தைச் சீராக்குவது) ஆகிய துறைகளில் ஆலோசகராக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். என் பதில் சுருக்கமானது: சில ஆண்டுகள் ஏதாவதொரு நிறுவனத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பாருங்கள். பிறகு அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவருக்குத் துணையாக உட்காருங்கள். இன்று நான் விரிவாகப் பேச வந்தது, ஊழியர்களிடம் பேசித் திரட்டிய தகவலை, அதைக் கொடுத்த அவர்கள் முன்னாலேயே கொண்டுபோய் வைக்கும் வேலையைப் பற்றி. இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தொழில் பிறந்த கதையும் அதுதான். 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உளவியலாளர் கர்ட் லெவினின் குழுவினர் ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். பகலில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மாலையில் கூடிப் பேசுவது வழக்கம். பங்கேற்றவர்களில் சிலர் தாங்களும் உட்காரலாமா என்று கேட்டு வந்தார்கள். தங்களைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டதும் மறுத்தார்கள், விளக்கினார்கள், வாதாடினார்கள். பகல் வகுப்பைவிட அங்கேதான் கற்றல் ஆழமாக நடந்தது. 1947 பிப்ரவரியில் லெவின் மறைந்தார். அந்தக் கோடையிலேயே மெய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் இது ஒரு பயிற்சி முறையாகவே தொடங்கிவிட்டது.

நடைமுறைக்கு வருவோம். ஐம்பது பேர் உள்ள ஒரு துறையில் பதினைந்து பேரையாவது தனித்தனியே சந்தியுங்கள், ஒருவருக்கு முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்; ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் ஏறிவிடும். கேள்வித்தாள் என்றால், ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. "இரவு ஷிப்டில் மூன்றாவது லைன் நின்றால் யாரும் போன் எடுப்பதில்லை" என்ற வரியை அப்படியே போட்டால், அந்த ஷிப்ட் சூப்பர்வைசர் மாட்டிக்கொண்டார். "வேலை நிற்கும்போது முடிவெடுக்க ஆள் கிடைப்பதில்லை" என்று எழுதுங்கள். பொருள் அப்படியே இருக்கும், ஆள் தெரியமாட்டார்.

தொகுத்ததை எல்லோர் முன்னும் வைக்கும் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்பே துறைத் தலைவருக்குத் தனியாகக் காட்டுங்கள். அது அவர் மனத்தைத் தயார்செய்துகொள்வதற்காக, திருத்துவதற்காக அல்ல. திருத்தக் கூடாது, யார் சொன்னது என்று கேட்கக் கூடாது என்பதையெல்லாம் வேலையை ஏற்கும்போதே அவரிடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அப்படியும் கூட்டத்தில் அவர் விரல் ஒரு வரியில் நிற்கும்: "இதை யார் சொன்னது?" அறையே தலைகுனியும். அந்த நொடியில் உங்கள் கண் சொன்னவர் பக்கம் போனாலே போதும், அதற்குப் பின் அங்கே யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். ஒப்புக்கொண்டதை அமைதியாக நினைவூட்டுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்துப் பத்து நிமிடம் கொடுங்கள்: "இது எங்கெங்கே நடக்கிறது?" திரும்பி வரும் பதில் குழுவின் பதில், தனி ஆளுடையது அல்ல.

மூன்று மணி நேரக் கூட்டத்தில் நீங்கள் பேசுவது அரை மணியைத் தாண்டக் கூடாது. ஐந்தாறு கருத்துகள் போதும். நாற்பது ஸ்லைடு போட்டால் எழுத்துப்பிழை திருத்துவதிலேயே நேரம் போய்விடும்.

ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், எடுத்த முடிவுகளில் சில அசையாமல் கிடக்கும். சோம்பல் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். ஓவர்டைமைக் குறைப்பதாக முடிவெடுத்திருப்பார்கள், ஆள் எடுக்க அனுமதி தரும் நிதிப் பிரிவிலிருந்து ஒருவரும் அந்த அறையில் இருந்திருக்கமாட்டார். அழைப்புப் பட்டியல் போடும் அன்றைக்கே அவர் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும்.