மாதச் சம்பளத்தில் வரைந்த படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அனிமேஷன் என்றதும் பலருக்கும் முதலில் நாவில் வரும் பெயர் ஜிப்ளி. அந்த நிறுவனத்தின் இயக்குநர் மியாசாகியைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கியோட்டோ அனிமேஷன். ரசிகர்கள் செல்லமாகக் 'கியோஆனி' என்பார்கள். ஜப்பானின் அனிமேஷன் நிறுவனங்களில் பெரும்பாலானவை டோக்கியோவைச் சுற்றியே இருக்கின்றன. இந்த நிறுவனத்துக்குப் போக, புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேற்கே பயணம் செய்து, கியோட்டோவில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து உஜி என்ற ஊருக்குப் போகவேண்டும். பச்சைத் தேயிலைக்குப் பேர்போன ஊர். ஆயிரம் ஆண்டுப் பழமையான ஜப்பானிய நாவல் 'கெஞ்சி கதை'யின் கடைசி அத்தியாயங்கள் நடப்பதும் அங்கேதான்.

கியோஆனியின் கதையை அதன் படங்களை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். நான் சம்பளத்தை வைத்துச் சொல்கிறேன். அந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

1963 ஜனவரி 1 அன்று காமிக்ஸ் ஓவியர் ஒஸாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேரக் கார்ட்டூன். அதற்கான நிறுவனம் தெசுகாவே தொடங்கிய முஷி புரொடக்‌ஷன். ஒரு பாகம் எடுக்க ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கே அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார் தெசுகா. பொம்மை விற்று, உரிமங்கள் விற்று ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்தத் தாழ்ந்த விலையை உயர்த்துவது பின்னால் வந்தவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. வேலை கைமாறிக் கைமாறித் துணை ஒப்பந்தக்காரர்களிடம் போனது. வரைபவர்களுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி. நம் ஊரில் பீடி சுற்றுபவர்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பதில்லையா, அதே முறைதான். இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே அசைவை நிரப்பும் இடைப்படம் ஒன்றுக்குச் சுமார் 200 யென் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் கூலி. அதை வைத்துக்கொண்டு டோக்கியோவில் வாடகை கொடுக்கவே முடியாது.

அந்த முஷி புரொடக்‌ஷனில் வண்ணம் தீட்டும் வேலை பார்த்தவர் யோகோ ஹத்தா. கல்யாணமாகி உஜிக்கு வந்தார். 1981-இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு, தெரிந்த தொழிலையே அங்கே தொடங்கினார். அப்போதெல்லாம் கணினி கிடையாது. 'செல்' எனப்படும் கண்ணாடிபோன்ற தாளில் கோடுகளைப் பிரதியெடுத்து, அதன் பின்பக்கத்தில் வண்ணம் பூசவேண்டும். கோட்டைத் தாண்டாமல், திட்டுத்திட்டாகத் தெரியாமல் பூசவேண்டும். டோக்கியோ நிறுவனங்கள் செல்களை உஜிக்கு அனுப்பின. சுத்தமாகவும் குறித்த நேரத்திலும் வேலை திரும்பி வந்தது. 1985-இல் அது முறையான நிறுவனமானது. கணவர் ஹிதேஅகி ஹத்தா தலைவரானார்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இவர்கள் பெயர் கடைசி எழுத்தோட்டத்தில் மட்டும் வந்து போனது. தமிழில் பேசும் ஷின்-சானை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்தத் தொடரின் ஜப்பானியத் தயாரிப்பிலும் கியோஆனிக்காரர்களின் கை உண்டு. 'இனுயாஷா'வின் சில பாகங்களை முழுக்கவே இவர்கள் செய்து கொடுத்தார்கள். இதற்கிடையே யோஷிஜி கிகாமி என்ற தேர்ந்த ஓவியர் வந்து சேர்ந்தார். 'அகிரா', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' போன்ற படங்களில் வரைந்த கை அது. இளம் ஓவியர்களுக்கு அவரே ஆசிரியரானார்.

இங்கேதான் கியோஆனி ஒரு முடிவில் உறுதியாக நின்றது. வரைபவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள். மாதம் பிறந்தால் சம்பளம். முக்கியப் படம், இடைப்படம், பின்னணி, வண்ணம், ஒளிப்பதிவு என்று எல்லாமே கூடியவரை சொந்தக் கூரையின்கீழ். தேவையான ஆட்களையும் சொந்தப் பயிற்சிப் பள்ளி நடத்தித் தாங்களே தயார்செய்துகொண்டார்கள். எண்ணிக்கைக் கூலிக்கு வரைபவரிடம் ஒரு பெண்ணின் கூந்தல் காற்றில் அலைவதை இழை இழையாக வரையச் சொன்னால், அவர் வயிற்றில் அடிப்பதாக ஆகிவிடும். சுலபமான படத்துக்கும் கஷ்டமான படத்துக்கும் ஒரே காசுதானே! சம்பளக்காரரிடம் அதைக் கேட்கலாம். திருப்பி வரையவும் சொல்லலாம்.

2003-இல் முதன்முதலாக முழுத் தொடர் ஒன்றைத் தங்கள் பெயரில் எடுத்தார்கள். இயக்கியவர் யசுஹிரோ தகெமோதோ. 2006-இல் தாத்சுயா இஷிஹாரா இயக்கிய 'ஹருஹி சுசுமியாவின் சோகம்' வந்தது. நள்ளிரவில் ஒளிபரப்பான தொடர், பாகங்களும் வரிசை மாறி வந்தன. இருந்தும் நாடே பேசியது. அதில் பள்ளி விழாவில் கதாநாயகி மேடையேறிப் பாடும் காட்சி ஒன்று உண்டு. கிதார் தந்திகளில் விரல்கள் போகும் இடமும் காதில் விழும் இசையும் பொருந்திப்போகும். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் அப்படி ஒன்றை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதே தொடர் 2009-இல் திரும்பி வந்தபோது ஒரு விபரீதமும் நடந்தது. கோடை விடுமுறை முடியாமல் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு கதை. அதை எட்டு வாரம், எட்டு பாகமாக, கிட்டத்தட்ட ஒரே நிகழ்ச்சிகளோடு ஒளிபரப்பினார்கள். பழைய படத்தையே மறுபடி போட்டார்களா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் பதிவுசெய்து, பாத்திரங்களுக்கு வேறு வேறு உடை போட்டு எடுத்தார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் அது வீம்பாகத்தான் படுகிறது. ஆனால் எண்ணிக்கைக் கூலி கொடுக்கும் எந்த நிறுவனமும் அப்படி ஒரு வீம்பைக் கனவில்கூட நினைத்திருக்காது.

அதே ஆண்டு 'கே-ஆன்!' வந்தது. இயக்குநர் நவோகோ யமாதாவுக்கு அப்போது 24 வயது. பள்ளி மாணவிகள் இசைக்குழு தொடங்கி, பயிற்சியை விட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். கதை அவ்வளவுதான்! ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்காரும் விதம், நாற்காலியில் கால் ஆட்டும் விதம் எல்லாம் ஒவ்வொருத்திக்கும் வேறு. பள்ளிக் கட்டடத்துக்கு மாதிரியாக இருந்தது ஷிகா மாவட்டத்தின் தோயோசாதோ என்ற சிற்றூரிலுள்ள பழைய தொடக்கப்பள்ளி. ரசிகர்கள் இன்றும் கோயிலுக்குப் போவதுபோல அங்கே போகிறார்கள்.

யமாதாவின் உச்சம் 2016-இல் வந்த 'கோயே நோ கடாச்சி'. வெளிநாடுகளில் 'எ சைலன்ட் வாய்ஸ்' என்ற பெயரில் வந்தது. காது கேளாத ஒரு சிறுமியை வகுப்பில் படாதபாடு படுத்திய பையன், பல ஆண்டு கழித்து அவளைத் தேடிப்போகிறான். அவளுடைய பேச்சில் பெரும்பகுதி சைகைமொழி. ஆகவே விரல்களைச் சரியாக வரையாவிட்டால் வசனமே பிழையாகிவிடும். மனிதர்களை ஏறிட்டுப் பார்க்கக் கூசும் அந்தப் பையனின் கண்ணுக்கு, சுற்றியிருப்பவர்களின் முகங்களில் பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். இசையமைப்பாளர் கென்சுகே உஷியோ பியானோவுக்குள்ளேயே மைக்குகளை வைத்துப் பதிவுசெய்தார். சுரத்தோடு சேர்த்து உள்ளே மரமும் கம்பளியும் உரசுகிற ஓசையும் கேட்கும். வானொலிக்காரர்கள் இதை மெச்சுவார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருந்தது. புகழ்பெற்ற தொடர்கள் பலவற்றின் மூலக்கதை பிறருடையது. வருமானத்தில் பெரும்பங்கும் அங்கேதான் போகும். அதனால் 2009-இல் புதிய எழுத்தாளர்களுக்குக் 'கியோட்டோ அனிமேஷன் விருது' என்று ஒரு போட்டி தொடங்கி, பிறகு சொந்தப் பதிப்பகமும் நடத்தினார்கள். அந்த விருதில் முதல் பரிசு வென்ற நாவல்தான் 'வயலட் எவர்கார்டன்'. போரில் கைகளை இழந்து உலோகக் கைகளோடு திரும்பிய ஒரு பெண், எழுதத் தெரியாதவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் கதை. 2018-இல் தொடராக வந்து நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகமெங்கும் போனது.

2019 ஜூலை 18, காலை பத்தரை மணி. கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியிலிருந்த முதலாம் ஸ்டுடியோவுக்குள் ஒருவன் பெட்ரோலோடு நுழைந்து தீ வைத்தான். அந்த விருதுக்குத் தான் அனுப்பிய கதையைத் திருடிவிட்டார்கள் என்பது அவன் புகார். அதில் உண்மையில்லை என்றது நிறுவனம். மூன்று மாடிக் கட்டடம், நடுவே வளைந்து ஏறும் படிக்கட்டு. புகையும் தீயும் அதன் வழியாக நொடிகளில் மேலே ஏறின. உள்ளே இருந்தவர்கள் 70 பேர். இறந்தவர்கள் 36 பேர். எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துச் சம்பளம் கொடுத்து வளர்த்த நிறுவனம், ஒரே காலையில் அத்தனை பேரை இழந்தது. கிகாமி போனார், வயது 61. தகெமோதோ போனார். 'கோயே நோ கடாச்சி'யின் பாத்திரங்களை வடிவமைத்த ஃபுதோஷி நிஷியா போனார், வயது 37. வண்ண வடிவமைப்பாளர் நவோமி இஷிதாவும் போனார். வண்ணம் பூசியே தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்கொடை 330 கோடி யென்னைத் தாண்டி வந்தது. கருகிய கட்டடத்திலிருந்து ஒரு சர்வரை மீட்டு, அதிலிருந்த படங்களைக் காப்பாற்றினார்கள். 'வயலட் எவர்கார்டன்' வரிசையின் துணைப் படம் ஒன்று தீ விபத்துக்கு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. செப்டம்பரில் அது வெளியானபோது, வழக்கமாக எழுத்தோட்டத்தில் இடம்பெறாத, ஓராண்டு அனுபவம்கூட இல்லாத புதியவர்களின் பெயர்களையும் போட்டார்கள். 2024 ஜனவரியில் கியோட்டோ நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. அவனைப் பற்றிப் பேச எனக்கு வேறொன்றுமில்லை.

வேலை நிற்கவில்லை. தகெமோதோ தொடங்கிவைத்த ஒரு தொடரின் இரண்டாம் பருவத்தை 2021-இல் இஷிஹாரா முடித்துக்கொடுத்தார். உஜியையே களமாகக் கொண்ட, பள்ளி ஊதுகுழல் இசைக்குழுவின் கதையான 'ஹிபிகே! யூஃபோனியம்' 2024-இல் மூன்றாம் பருவம் கண்டது. 2025-இல் தாய்ச்சி இஷிதாதேவின் 'சிட்டி' வந்தது. யமாதா இப்போது வேறு நிறுவனத்தில் படம் எடுக்கிறார்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'கோயே நோ கடாச்சி'. இரண்டு மணி பத்து நிமிடம்தான். நீளமாகப் பார்க்க ஆசைப்பட்டால் 'யூஃபோனியம்'. ஹருஹியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு பாகங்களில் முதலாவதையும் கடைசியையும் பார்த்தால் போதும். நடுவிலுள்ள ஆறையும் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

நன்றி, வணக்கம்.