செல்போன்ல மோட்டார் போடறது இருக்கட்டும், நிறுத்தத் தெரியோணும்

வணக்கமுங்க. இப்ப நிக்கறது ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூம்லங்க. செவுத்துல பெரிய ஸ்டார்ட்டர் தெரியுதுங்களா? அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பொட்டி, அதுலிருந்து ஏரியல் ஒயர் ஒண்ணு ஜன்னல் வழியா வெளிய போகுது பாருங்க. இதுதான் மொபைல் ஸ்டார்ட்டர், செல்போன்லயே மோட்டாரைப் போட்டு நிறுத்தற பொட்டி.

முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ஓடறதுக்கு வேணுங்கற த்ரீ பேஸ் கரண்ட் வந்தா டார்ச் எடுத்துட்டு, பாம்பு கெடக்குதா, பன்னி நிக்குதான்னு பார்த்துட்டே வரப்புல போகோணும். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையில இருந்துட்டே ஊர்ல மோட்டார் போடறாங்க. தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம் பக்கம் யானை எறங்கற காட்டோரத்துல இருக்கறவங்களுக்கு இது உசுரைக் காப்பாத்தற சாமானுங்க. அதுல சந்தேகமே இல்லை.

ஆனா கடையில எல்லாரும் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "போன் பண்ணா ஓடுமுங்களா?" ஓடும். எந்தப் பொட்டியும் ஓட்டும். எப்பெப்ப அது தானா நிக்கும், அதைத்தான் கேக்கோணும். பக்கத்துல ஆள் நின்னா சத்தம் மாறறது காதுல விழும், பைப்புல காத்து வர்றது கண்ணுல படும். நீங்க அம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கறப்ப அந்த வேலையைப் பொட்டிதான் பார்க்கோணும்.

ஒயரிங்கைக் கிட்ட காட்டறேன். மெயின் ஃபியூசுக்கு அப்புறம் மூணு பேஸ் லைன்லிருந்தும் ஒவ்வொரு ஒயர் பொட்டிக்கு வருது. மூணும் சரியா வருதான்னு பார்க்கறதுக்கு. அடுத்த ரெண்டு ஒயர் ஸ்டார்ட்டரோட பச்சை பட்டனுக்கு இணையா, இன்னொரு ரெண்டு செவப்பு பட்டனுக்குத் தொடரா. அப்புறம் வளையம் மாதிரி இருக்கறது சி.டி. காயில். இதுக்குள்ள ஒரு பேஸ் ஒயர் நுழைஞ்சு போகோணும், அதை வெச்சுத்தான் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பொட்டிக்குத் தெரியும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்னா, அதாவது மோட்டாரை ஸ்டார் இணைப்புல மெதுவா கெளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்தறதுன்னா, மோட்டாருக்கு ஆறு ஒயர் போகுமுங்க. அதுல ஒண்ணுல காயிலை மாட்டிட்டா, டெல்டால ஓடறப்ப உள்ள வர்ற ஆம்பியர்ல 58 சதவீதம்தான் காட்டும். உள்ள வர்ற மெயின் ஒயர்ல மாட்டச் சொல்லுங்க.

பச்சை பட்டன் ஒயருக்குப் பின்னால பொட்டிக்குள்ள இருக்கற ரிலே, அதாவது பட்டனை அமுத்தற வேலையைப் பார்க்கற சின்ன சுவிட்ச், எப்பவாச்சும் ஒட்டிக்கும். அப்ப செவப்பு பட்டனை அமுத்தினா மோட்டார் நிக்கும், கையை எடுத்தவொடனே திரும்ப ஓடும். ஸ்டார்ட்டர் போச்சுன்னு நெனைச்சு அதைக் கழட்டாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு, பொட்டியிலிருந்து வர்ற அந்த ரெண்டு ஒயரைக் கழட்டிப் பாருங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், ட்ரை ரன். தண்ணி இல்லாம மோட்டார் ஓடறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. நம்மூர் பாறைப் பூமி, ஆயிரம் அடி தாண்டுன போர் ஏராளம். தண்ணி கொறைஞ்சா மோட்டார் வெறும் காத்துல சுத்தும். தண்ணிக்குள்ள மூழ்கி ஓடற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு சுத்தி இருக்கற தண்ணிதான் குளிர்ச்சி. அது இல்லைன்னா மோட்டார் காயில் கருகும். அப்புறம் அத்தனை அடி பைப்பையும் ஏத்தி எறக்கற செலவு இருக்குதுங்களே! 5 ஹெச்.பி. மோட்டார் நல்லா தண்ணி எடுக்கறப்ப ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும், தண்ணி இல்லைன்னா அது சடார்னு எறங்கும். அதனால பைப் நெறையத் தண்ணி வர்றப்ப டாங் டெஸ்டர், அதாவது ஒயரைக் கவ்விப் புடிச்சு அளக்கற மீட்டர் வெச்சு ஆம்பியர் பாருங்க. அதுல கால்வாசி கொறைச்சு ட்ரை ரன் வெச்சுக்கோங்க, 15 சதவீதம் கூட்டி ஓவர்லோடு வெச்சுக்கோங்க. முதல் அளவுக்குக் கீழ எறங்கினாலும் ரெண்டாவது அளவுக்கு மேல ஏறினாலும் பொட்டி மோட்டாரை நிறுத்திரும். நேம் பிளேட்ல இருக்கற நம்பரை அப்படியே போட்டு விட்டுராதீங்க, போருக்குப் போர் மாறும். ட்ரை ரன்ல நின்னா எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்ப ஓடோணும்னும் பொட்டி கேக்கும். போர் ஊறறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத்தான் தெரியும். அஞ்சு நிமிஷம்னு வெச்சா ராத்திரி முழுக்க போட்டுப் போட்டு நிறுத்திட்டு இருக்கும், அதுவே மோட்டாரைக் கெடுத்துரும்.

ஆட்டோ மோடு வெச்சா கரண்ட் வந்ததும் தானா ஓடும். ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கற எல்லாரும் அப்படி வெச்சா, எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல கெளம்பி வோல்டேஜ் படுத்துரும், ஃபியூஸ் போயிரும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்களோட பேசி, கரண்ட் வந்து ஒருத்தர் 30 செகண்ட் கழிச்சு, அடுத்தவர் 60, அதுக்கடுத்தவர் 90ன்னு பிரிச்சு வெச்சுக்கோங்க. ஆட்டோல போட்டுட்டு மறந்துராதீங்க. கரண்டுக்குக் காசில்லைன்னு தேவைக்கு மேல இழுத்தா அடுத்த கோடைக்குப் போர்ல என்ன இருக்கும்? ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம், டைமர் போட்டுருங்க.

சிம்முக்கு வர்றேன். வெலை கொறைச்சலா கெடைக்கற பொட்டிக நெறைய 2ஜி. ஜியோவுக்கு 2ஜி கெடையாது, அந்த சிம்மை அதுல போட்டா வேலை செய்யாது. 4ஜி பொட்டியா வாங்குங்க. அதுக்கு முன்னால எந்தக் கம்பெனி சிக்னல் வருதுன்னு மோட்டார் ரூமுக்குள்ளயே நின்னு பாருங்க. தகரக் கூரைன்னா ஏரியல் வெளிய போயே ஆகோணும். சிம்ல பின் லாக் இருந்தா எடுத்துருங்க. ரீசார்ஜ் முடிஞ்சு இன்கமிங் நின்னுட்டா பொட்டி ஊமையாயிரும், அது பயிர் வாடற வாரத்துலயும் நடக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2024 டிசம்பர்ல போட்ட விதிப்படி பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் குடுக்கோணும், 365 நாள் வரைக்கும் போகலாம். ஆப் இல்லாம போன் கால்லயே ஓட்டற பொட்டிக்கு அது போதுமுங்க, டேட்டாவுக்குக் காசு குடுக்காதீங்க.

வால்வைப் பத்தியும் சொல்லிடறேன். போன் மோட்டாரைத்தான் போடும், கேட் வால்வைத் திறக்காது. எல்லா வால்வும் மூடி இருக்கறப்ப ஓட்டினா பைப் ஜாயிண்ட் பிச்சுக்கும். பொழுதோடவே மறுநாள் பாத்திக்கு வால்வைத் திருப்பி வெச்சுருங்க. மஞ்சளுக்கு வாய்க்கால்ல பாய்ச்சறவங்களுக்கு மடை திருப்ப ஆள் வேணும், அதுக்கு இந்தப் பொட்டி உதவாது. சொட்டு நீருக்குத்தான் இது நல்லா ஒத்து வரும்.

அப்புறம் ஒரு விஷயம், தயவுசெஞ்சு கேளுங்க. கெணத்துக்குள்ள ஆள் எறங்கி இருக்கறப்ப, ஃபிட்டர் ஒயர்ல கை வெச்சு இருக்கறப்ப, வீட்ல ஒருத்தர் தெரியாம போன் பண்ணிட்டா உசுரு போயிரும். வேலைன்னு வந்தா மெயினை ஆஃப் பண்ணி, மூணு ஃபியூஸ் கட்டையையும் கழட்டி, வேலை செய்யறவர் சட்டைப் பையிலயே வெச்சுக்கோணும். பொட்டியில மேனுவல் போட்டா போதும்னு நெனைக்காதீங்க, ரிலே ஒட்டினா என்ன ஆகும்னு இப்பத்தான் சொன்னேன். பதிவு பண்ண நம்பர்ல இருந்து மட்டும் கால் எடுக்கற மாதிரி வெச்சு, அந்த நம்பர் யார் யாரோடதுன்னு செவுத்துல எழுதி ஒட்டிருங்க.

வாங்கறதுக்கு முன்னால வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல மானியம் இப்ப எவ்வளவு, எந்தெந்த மாடலுக்குன்னு கேளுங்க. விண்ணப்பம் முதல்ல, பில் அப்புறம். மாத்திப் பண்ணா மானியம் கெடைக்காமப் போயிரும். உங்க பொட்டியில ட்ரை ரன் எத்தனை ஆம்பியர்ல வெச்சிருக்கீங்க, எத்தனை ஹெச்.பி. மோட்டார், ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.