திராட்சைக்கு உறவுக்காரி: வேலியில் படரும் பிரண்டை

வணக்கம். பிள்ளை செய்த காரியத்தால் மனம் நொந்த தாய், "பெத்த வயித்துல பிரண்டையைத்தான் வச்சுக் கட்டிக்கணும்" என்று புலம்புவதைத் தஞ்சாவூர், திருவாரூர் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். பச்சையாகத் தோலில் பட்டால் அரிக்கும் கொடி அது. ஆனால் வயிறு மந்தமான நாளில் அதே கொடியைத் துவையலாக அரைத்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுப்பவரும் அந்தத் தாய்தான்.

சித்த மருத்துவத்தில் பசியின்மை, செரியாமை, மூலம் ஆகியவற்றுக்குப் பிரண்டை வழங்கிவருகிறது. வடமொழியில் இதற்கு வஜ்ரவல்லி என்று பெயர்.

(திரையில்: கிளுவை வேலி, நான்கு பட்டைத் தண்டு நெருக்கத்தில்)

என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறு. பிரண்டை, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. கணுவை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் இலை, அதற்கு நேர் எதிரே பற்றுக்கம்பி; திராட்சைக் கொடியிலும் இதே அமைப்புதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படும். இடைப்பட்ட கோடையில் காவிரியின் கிளைகளான குடமுருட்டியும் அரசலாறும் மணலாகக் கிடக்கும்போதும் இந்தக் கொடி பச்சை மாறாமல் நிற்பதற்குக் காரணம், அது மூச்சு விடும் நேரம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்க, பிரண்டைத் தண்டோ கற்றாழையைப் போல இரவில் திறந்து, கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமித்துக்கொண்டு, பகல் வெயிலில் துளைகளை மூடிவிடுகிறது. அதனால் விடியற்காலையில் தண்டில் அமிலம் கூடியும் மாலையில் குறைந்தும் இருக்கும். நம் கொல்லைப்புறத்தில் இரவெல்லாம் இப்படியொரு வேலை நடக்கிறது என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது.

அரிப்புக்குக் காரணம் தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற படிகங்கள். ஆகவே கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளங்கொழுந்தாகப் பார்த்துக் கணுவை நீக்கி, ஓரத்து நாரை உரித்து, நறுக்கிய துண்டுகளின் பச்சை நிறம் பழுப்பேறும் வரை எண்ணெயில் பொறுமையாக வதக்குங்கள். பிறகு உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், தாராளமாகப் புளி சேர்த்து அரையுங்கள். அவசரமாக வதக்கிய பிரண்டை நாக்கைப் பதம் பார்க்கும். என் கருத்தில் இந்த மருந்தின் பாதி வாணலியில்தான் இருக்கிறது.

எலிகளில் நடந்த ஆய்வுகள் இது இரைப்பையின் உட்சுவரைக் காப்பதாகக் காட்டுகின்றன. அதை வைத்து மனிதரின் வயிற்றுப்புண் ஆறிவிடும் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.

மதில் சுவர்கள் எழும்பி வேலிகள் மறைந்துவரும் தெருக்களில் இருப்பவர்கள், இரண்டு கணு உள்ள துண்டு ஒன்றைத் தொட்டியில் ஊன்றி, பற்றிக்கொள்ள ஒரு கொம்பு நட்டால் போதும். உங்கள் வீட்டுத் துவையலில் புளிக்குப் பதில் எலுமிச்சை சேர்ப்பதுண்டா என்று கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.