கரும்பலகை முன் வாய்விட்டு யோசிக்க

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்து, கணிதத்தையே பட்டப்படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி.ஸ்டாட் (புள்ளியியல்), பி.மேத் (கணிதம்) இளநிலைப் பட்டப்படிப்புகளில் சேர எழுத்துத் தேர்வோடு நேர்முகத் தேர்வும் உண்டு. அதற்குத் தயாராவது பற்றித்தான் பேச்சு. 1931-இல் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கிய கழகம் அது. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். 2007-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நேர்முகத் தேர்வு என்றதும் பொது அறிவு, லட்சியம், பொழுதுபோக்கு என்று பதில்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். அங்கே கேட்பது பெரும்பாலும் கணக்கு. நீங்கள் யோசிப்பது எதிரே இருப்பவர்களின் காதில் விழ வேண்டும்.

ஓர் உதாரணம். முழு எண் கெழுக்கள் கொண்ட ஒரு பல்லுறுப்புக்கோவை, n-க்கு எந்த இயல் எண்ணைக் கொடுத்தாலும் பகா எண்ணையே தருமா? இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். பலரும் உடனே மௌனமாகிவிடுவார்கள். அப்படி ஆகாதீர்கள். "முதலில் ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆய்லர் கண்ட n வர்க்கம் கூட்டல் n கூட்டல் 41 நினைவுக்கு வந்தால் எழுதுங்கள். பூஜ்யம் முதல் 39 வரை பகா எண்களே வரும். 40 போட்டால் 1681, அதாவது 41-இன் வர்க்கம். அங்கே உடைகிறது.

"சரி, 41 போட்டால்?" என்பார் பேராசிரியர். கணக்கிடத் தேவையே இல்லை, மூன்று உறுப்புகளிலும் 41 இருக்கிறது. 82 போட்டாலும் அப்படித்தான். அவர் கொடுத்த குறிப்பு அதுதான், பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோவையானாலும், n ஒன்றாக இருக்கும்போது மதிப்பு p என்ற பகா எண் என்றால், ஒன்றோடு p-இன் மடங்குகளைக் கூட்டிப் போடும்போதெல்லாம் வருவது p-ஆல் வகுபடும். அதுவும் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் p-ஆகவே இருக்க வேண்டும். ஒரே மதிப்பை முடிவில்லாத இடங்களில் எடுக்கும் பல்லுறுப்புக்கோவை மாறிலிதான், அதாவது n எதுவானாலும் ஒரே எண்ணைத் தருவது. "அப்படியானால் 7 என்ற மாறிலி?" என்று அடுத்து கேட்பார். அது எப்போதும் பகா எண் தருகிறதே! ஆகவே கோவை மாறிலியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை நீங்களே சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கத் தெரிந்த பிள்ளையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கான பயிற்சி தனியாக நோட்டில் எழுதுவதால் மட்டும் வராது. வீட்டில் அக்காவையோ நண்பனையோ உட்கார வைத்து, ஒவ்வொரு அடியையும் ஏன் செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே போடுங்கள். கேட்பவருக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "ஏன்?" என்று கேட்டால் போதும். பிளஸ் டூ பாடத்தில் மனப்பாடமாக ஏற்றுக்கொண்ட சூத்திரங்களுக்கும் அந்த "ஏன்" பொருந்தும்: சைன் எக்ஸின் வகைக்கெழு ஏன் காஸ் எக்ஸ்? வகையிடத்தக்க சார்பு ஏன் தொடர்ச்சியானது? தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த விளக்கங்களை எளிய ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிப் பழகுங்கள். வாக்கியம் தடுமாறினால் கைகொடுக்கக் கரும்பலகை இருக்கிறது, எழுதிக்காட்டுங்கள்.

எழுத்துத் தேர்வில் விட்டுப்போன கணக்குகளை அன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். "அந்தக் கேள்வியை அப்புறம் யோசித்தாயா?" என்று கேட்டால், யோசித்திருக்க வேண்டாமா? பாதிதான் வந்தது என்றால் பாதியைச் சொல்லுங்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்றைக்கே தொடங்க ஒரு கேள்வி தருகிறேன். மேலே சொன்ன பல்லுறுப்புக்கோவையில் கெழுக்கள் பின்னங்களாகவும் இருக்கலாம் என்றால், அதே வாதம் நிற்குமா? எதை மாற்ற வேண்டும்? யாரையாவது எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். வணக்கம்.