தந்தை நுழைந்த வாசலை மகன் மூடினார்

(சட்டக் கல்லூரி ஒன்றில் சட்ட உதவி மையத்தைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இடம் கிடைக்காமல் வாசலருகே நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சட்டக் கல்வியில் தலைமையும் பொதுப்பணியும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் அதை ஒரு மனிதர் ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டுகள் செய்த வேலையாகச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் அந்த இடம். கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. மனிதர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். காலம் 1929 முதல் 1935 வரை.

முதலில் அவருடைய தந்தையைப் பற்றிச் சொல்கிறேன். வில்லியம் ஹூஸ்டன் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வேலை முடிந்ததும் ஹோவர்டின் மாலைச் சட்ட வகுப்புக்குப் போவார். அப்படிப் படித்துத்தான் அவர் வழக்கறிஞரானார், வாஷிங்டனில் அலுவலகம் வைத்தார், பின்னர் அதே கல்லூரியில் பாடமும் நடத்தினார். 1895-ல் பிறந்த அவருடைய மகன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் ஹார்வர்டு சட்டப் பள்ளியிலும் படிக்க முடிந்தது என்றால், அதற்கு அடித்தளம் அந்த மாலை வகுப்பு. அதே மகன் ஹோவர்டு சட்டக் கல்லூரியின் துணை டீனாகப் பொறுப்பேற்றதும் மாலை வகுப்புகளை மூடினார். தந்தை நுழைந்த வாசலை மகன் மூடினார்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த ஒரு முடிவு என்னை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த சீனியரும் மாலை வகுப்பில் படித்தவர்தான். பகலெல்லாம் குமாஸ்தாவாக மனுக்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலையில் வகுப்புக்கு ஓடியவர். சட்டத்தின் மனித முகம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு என்னுடன் முழுநேரமாகப் படித்தவர்களில் யாருக்கும் தெரியாது. அதனால் ஹூஸ்டன் செய்தது சரிதானா என்று எத்தனையோ முறை எனக்குள் விவாதித்திருக்கிறேன். அவர் ஏன் செய்தார் என்பதை உங்கள் முன் வைக்கிறேன்; நீங்களும் விவாதியுங்கள்.

ஹூஸ்டன் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் அதிகாரியாகப் பிரான்சில் பணியாற்றினார். எதிரிகளின் குண்டுகளைவிடத் தன் சொந்த நாட்டுப் படையிலிருந்த வெள்ளை வீரர்களின் வெறுப்புதான் அவரை அதிகம் காயப்படுத்தியது. பிரான்சின் வீதியிலேயே ஒரு வெள்ளைக் கும்பல் அவரையும் சக கறுப்பின அதிகாரிகளையும் சூழ்ந்துகொண்டு கொல்லப் பார்த்தது. போரிலிருந்து உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பேன், திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகப் போராடுவேன் என்று அங்கேதான் முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். திரும்பினார். ஹார்வர்டில் சேர்ந்தார். அங்கே வெளியாகும் புகழ்பெற்ற சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1923-ல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்த நாளில் அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் சட்டம் படிப்பதே அபூர்வம். தென் மாநிலங்களின் சட்டக் கல்லூரிகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. கறுப்பின வழக்கறிஞர்களில் பெரும்பகுதியினரை உருவாக்கியது ஹோவர்டுதான். ஆனால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் ஹோவர்டுக்கு இல்லை. ஆசிரியர்களில் பலர் நீதிமன்ற வேலை முடிந்து மாலையில் வந்து போகிறவர்கள். நூலகம் போதாது. ஹோவர்டில் படித்து வந்தவர் என்று சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலட்சியமாகப் பார்க்கும் நிலை. உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸ், பல்கலைக்கழகத் தலைவர் மார்டிகாய் ஜான்சனை அழைத்து, உங்கள் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்யும் வாதுரைகளின் தரம் போதவில்லை, முழுநேர ஆசிரியர்களோடு ஒரு நல்ல சட்டக் கல்லூரியை உருவாக்குங்கள் என்று சொன்னதாகக் கூறுவார்கள்.

ஹூஸ்டன் அதைத்தான் செய்தார். 1930-ல் மாலை வகுப்புகள் நின்றன. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். பகலில் தபால் நிலையத்திலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்ப்பவன் இனி எப்படி வழக்கறிஞராவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதற்கு ஹூஸ்டனிடம் இனிப்பான பதில் எதுவும் இல்லை. முழுநேர ஆசிரியர்களை நியமித்தார், சேர்க்கை விதிகளைக் கடுமையாக்கினார், நூலகத்தைப் பெருக்கினார். 1931-ல் வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரமும் சட்டக் கல்லூரிகள் கூட்டமைப்பில் உறுப்புரிமையும் கிடைத்தன. ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கை எடுத்துச் செல்லப்போகிறவனிடம் அரைகுறைப் பயிற்சி இருக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் இரவு மாணவர்கள். அந்த விலை என்னவென்று தெரிந்தே அவர் அதைச் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் வீட்டிலேயே ஓர் இரவு மாணவர் இருந்தார்.

அந்த 1930-ல்தான் பால்டிமோரிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவருடைய சொந்த மாநிலமான மேரிலாண்டின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்காக அவருடைய தாய் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். தினமும் விடியுமுன் எழுந்து ரயிலில் வாஷிங்டன் வருவார். தர்குட் மார்ஷல் என்பது அவர் பெயர். முதல் நாள் வகுப்பில் ஹூஸ்டன் சொன்னதை மார்ஷல் கடைசிவரை மறக்கவில்லை: உன் வலப்பக்கம் இருப்பவனைப் பார், இடப்பக்கம் இருப்பவனைப் பார், அடுத்த ஆண்டு உங்களில் இரண்டு பேர் இங்கே இருக்கமாட்டீர்கள். 1933-ல் மார்ஷல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

ஹூஸ்டன் பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை. மாணவர்களை நீதிமன்றங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் அழைத்துப் போனார். வழக்கறிஞன் சமூகத்தின் பொறியாளன், அப்படி இல்லையென்றால் அவன் சமூகத்தின் ஒட்டுண்ணி என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம். பொறியாளன் என்ற சொல்லை அவர் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பொறியாளன் அளவெடுப்பான். ஹூஸ்டனும் அளவெடுத்தார். கேமராவை எடுத்துக்கொண்டு தென் கரோலினாவின் கிராமங்களுக்குப் போய், கறுப்பினக் குழந்தைகளின் பள்ளியையும் வெள்ளைக் குழந்தைகளின் பள்ளியையும் படம் பிடித்து வந்தார். 'பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக இருக்க வேண்டும்' என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அன்றைக்கும் சட்டமாக இருந்தது. சரி, சமம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்பதற்கு அந்தப் படச்சுருள்.

இனி நான் சொல்லப்போவதைச் சட்ட மாணவர்களான நீங்கள் கூர்ந்து கேளுங்கள். 1935-ல் ஹூஸ்டன் கல்லூரியை விட்டு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு முழுநேர வழக்கறிஞராகப் போனார். நிறப் பிரிவினையை எந்த இடத்தில் முதலில் தாக்குவது? பேருந்தா, உணவகமா, தொடக்கப் பள்ளியா? அவர் தேர்ந்தெடுத்த முக்கியமான இடம் சட்டக் கல்லூரி. காரணம் எளிது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டக் கல்லூரி அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே சமம் என்று மாநிலம் பொய் சொல்ல வழியில்லை. புதிதாக ஒன்று கட்டலாம் என்றால் செலவு தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரிக்கப்போகிறவர் நீதிபதி. ஒரு சட்டக் கல்லூரி எப்படி இருக்க வேண்டும் என்று நீதிபதிக்கு யாரும் சாட்சி வைத்து விளக்க வேண்டியதில்லை.

முதல் வழக்கு மேரிலாண்டு. தன் இனத்தவரை உள்ளே விடாத அதே கல்லூரிக்கு எதிராக, டொனால்டு முரே என்ற மாணவருக்காக, மார்ஷல் தன் ஆசிரியர் ஹூஸ்டனோடு நின்று வாதாடினார். 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் வெற்றி. 1938-ல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் கெய்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஹூஸ்டன் வென்றார். வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி, கட்டணம் தருகிறோம் என்ற மிசௌரியின் சமாதானம் எடுபடவில்லை. பிறகு டெக்சஸ். அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்த ஹெமன் ஸ்வெட் ஒரு தபால்காரர். அவரைச் சேர்க்காமலிருக்க மாநிலம் அவசர அவசரமாக ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் திறந்தது. 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மாநில மக்களில் 85 சதவீதத்தினரை, நாளைக்கு இந்த மாணவர் எதிர்கொள்ளப்போகும் வழக்கறிஞர்கள், சாட்சிகள், நீதிபதிகள் பெரும்பாலோரை விலக்கிவைத்த இடத்தில் சட்டம் கற்பது எப்படிச் சமமாகும் என்று கேட்டது அந்தத் தீர்ப்பு. கட்டடமும் புத்தகமும் மட்டும் சட்டக் கல்லூரி ஆகாது என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்த பக்கங்கள் அவை. தேடிப் படியுங்கள்.

அந்தத் தீர்ப்பை ஹூஸ்டன் பார்க்கவில்லை. ஆறு வாரங்களுக்கு முன்பு, ஏப்ரல் 22 அன்று, 54 வயதில் இதய நோயால் இறந்துபோனார். 1954 மே 17-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று வந்த பிரவுன் வழக்கின் தீர்ப்பை வென்றெடுத்த வழக்கறிஞர் அணிக்குத் தலைமை ஏற்றவர் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு முன் அந்த அணி ஒத்திகை பார்த்த இடம் ஹோவர்டு சட்டக் கல்லூரி. மாணவர்கள் உட்கார்ந்து கேட்க, ஆசிரியர்கள் நீதிபதிகளாக அமர்ந்து கேள்விகளால் துளைத்தார்கள். மாதிரி நீதிமன்றப் போட்டிக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் உங்கள் அரங்கத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒத்திகைதான் நினைவுக்கு வந்தது.

ஹோவர்டும் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. அதை மறைத்தால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். 1941-ல் பாலி மரே என்ற பெண் அங்கே சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று ஓர் ஆசிரியரே வகுப்பில் கேட்டார். 1896 தீர்ப்பைச் சுற்றி வளைக்காமல் நேரடியாகவே தகர்க்கலாம் என்று மரே சொன்னபோது உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்து, 1944-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். பத்தாண்டு கழித்து பிரவுன் வழக்குக்குத் தயாரானபோது அவருடைய ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் அந்தக் கட்டுரையை எடுத்துப் பயன்படுத்தினார். மரேக்கு அது தெரியவந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த அவையில் பாதிக்கு மேல் மாணவிகள் இருக்கிறீர்கள். உங்கள் கட்டுரைகளின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1976-ல் அரசியலமைப்பில் 39-ஏ என்ற உறுப்பு சேர்ந்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அரசின் கடமையானது. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமைவதை ஊக்குவிப்பதைத் தேசிய ஆணைக்குழுவின் பணிகளில் ஒன்றாக எழுதியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சட்ட உதவிப் பணிக்கு அனுப்பியவர், பின்னர் 1988-ல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் முதல் வகுப்பைத் தொடங்கியவர் மாதவ மேனன். அதுபோன்ற தேசிய சட்டப் பள்ளிகளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே நிறைகிறார்கள் என்பதைக் கண்டு, கிராமத்துப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் இயக்கத்தை 2010-ல் தொடங்கியவர் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். ஹூஸ்டனிடம் அந்த இரவு மாணவர்கள் கேட்ட கேள்விக்கு நம் ஊரில் ஒருவர் பதில் தேடினார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். மேனன், பஷீர் இருவரும் 2019-ல் நம்மை விட்டுப் போய்விட்டார்கள்.

இன்று நீங்கள் திறந்திருக்கும் மையம் என்ன செய்யலாம்? பெரிய வழக்கு எதுவும் வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் சிறையில் இருந்துவிட்டால் நீதிமன்றம் அவரைப் பிணையப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். அவர்மீது வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. சட்டம் அமலுக்கு வருமுன் பதிவான வழக்குகளுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு இருக்கிறது. ஆனாலும் யாராவது உட்கார்ந்து, கைதான தேதி, பிரிவு, அதிகபட்சத் தண்டனை மூன்றையும் எதிரே வைத்து நாட்களை எண்ண வேண்டும். நான் மாணவர்களோடு ஒரு கிளைச் சிறைக்குப் போனபோது, ஓர் இளைஞர் தன்மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று எங்களிடம் கேட்டார். எங்களுடன் வந்த இரண்டாம் ஆண்டு மாணவி அவருடைய தாளை வாங்கி வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் அவள் வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள். அன்று மாலை அந்த மாணவி எழுதிய குறிப்புக்கு இணையான விடைத்தாளை நான் அதற்கு முன் திருத்தியதில்லை.

கடைசியாக முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மையத்துக்கு ஓர் அறையும் பெயர்ப் பலகையும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. எனக்குத் தெரிந்த பல மையங்கள் பலகையோடு நின்றுபோயின. காரணம், அந்த வேலை கல்லூரி முடிந்த பிறகு, நாலு மணிக்கு மேல் செய்ய வேண்டிய வேலையாக இருந்ததுதான். வெளியூர் மாணவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. ஆசிரியருக்கும் வீடு இருக்கிறது. ஹூஸ்டன் முதலில் மாற்றியது கால அட்டவணையைத்தான். நீங்களும் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை, பகலில், மதிப்பெண்ணோடு, இந்த மையத்துக்கு எழுதிக் கொடுங்கள். பொறுப்பாசிரியரின் பணிச்சுமைக் கணக்கிலும் அதைச் சேருங்கள். அடுத்த பருவத்தின் அட்டவணை இன்னும் கையெழுத்தாகவில்லை என்று காலையில் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.