கையெழுத்துக்கு முன் வேலையைப் பேசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து போய் மென்பொருள் துறையில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த கம்பெனிக்கு மாற நிற்கும் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. சேர்ந்த பிறகு என்ன வேலை தருவார்கள் என்பதையும் பேசி வாங்கலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. வருடக்கணக்கில் ஒரே மாதிரி சப்போர்ட் டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளர் அனுப்பும் புகாரை, மூடிக்கொண்டிருந்தவருக்கு அடுத்த இன்டர்வியூவில் சொல்ல எதுவும் இருக்காது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கம்பெனி 9 லட்சம் சி.டி.சி. தருகிறது, அதாவது உங்களுக்காக வருடத்துக்கு அது செய்யும் மொத்தச் செலவு. அதில் 90,000 வேரியபிள், வேலையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ வரும் தொகை. இன்னொன்று 8,40,000, வேரியபிள் கிடையாது. இரண்டிலும் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், சி.டி.சி.யில் பாதி, பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், கிராஜுவிட்டி 4.81 சதவீதம் என்று வையுங்கள். வேரியபிள், கிராஜுவிட்டி, கம்பெனி பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்த பி.எஃப். எல்லாம் கழித்தால் முதல் கம்பெனியில் மாதம் சுமார் 56,700 ரூபாய் நிற்கும், இரண்டாவதில் சுமார் 59,900. தொழில் வரி போன்றவை தனி. பெரிய எண்ணைக் காட்டியவர் மாதாமாதம் குறைவாகத் தருகிறார். வேரியபிளில் சுமார் 43 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் முதல் கம்பெனி முந்தும். வித்தியாசம் இவ்வளவுதான் என்றால், மிச்சப் பேச்சை வேலையின் மேல் வையுங்கள்.

அதைப் பேசும் நேரம் ஒன்றுதான்: "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொன்ன பிறகு, நீங்கள் சரி என்பதற்கு முன். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கிடைக்கும். ஹெச்.ஆர். கையில் இருப்பது சம்பளம். வேலை மேனேஜர் கையில். அதனால் ஹெச்.ஆரிடம், "மேனேஜரோடு 20 நிமிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அவரிடம் "புதுசா கத்துக்க வாய்ப்பு இருக்கா சார்?" என்று கேட்டால் "நிறைய இருக்கு" என்பார். அது பதிலே இல்லை. இப்படிக் கேளுங்கள்: போன மாதம் டீம் புதிதாக எழுதியது எவ்வளவு, பழைய பிழையைத் திருத்தியது எவ்வளவு? ஜாவா எந்த வெர்ஷன்? பழைய 8 என்றால், புதிய 17-க்கோ 21-க்கோ மாற்றப்போவது யார்? புரொடக்‌ஷனில் டெப்ளாய் செய்வது, அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் ஏற்றுவது, டெவலப்பரா, வேறு டீமா? நான் எழுதும் நிரலை யார் ரிவ்யூ செய்வார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வராவிட்டால், அங்கே சொல்லித்தர ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேசி முடித்த அன்றே மெயில் போடுங்கள். "நாம் பேசியபடி முதல் ஆறு மாதத்துக்குள் பேக்எண்ட் டீமில் வேலை, வாரம் நான்கு மணி நேரம் படிக்க, அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் அசோசியேட் தேர்வுக் கட்டணம் 150 டாலர் கம்பெனி செலவு. உறுதி செய்தால் ஆஃபரை ஏற்கிறேன்." இவ்வளவு போதும். மூன்று விஷயத்துக்கு மேல் போகாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேளுங்கள். நாளுக்கொன்றாகக் கேட்டால்தான் அவர்களுக்கு எரிச்சல் வரும். எந்தப் புராஜெக்ட்டிலும் போடலாம் என்ற வரி பெரும்பாலான ஆஃபர் லெட்டரில் இருக்கும். இந்த மெயில் அதை முறியடிக்காது. ஆனால் மேனேஜர் மாறிப்போனால், புதியவரிடம் காட்ட உங்கள் கையில் இது ஒன்றாவது இருக்கும்.

கம்பெனி செலவில் படிப்பு என்றதும் பாண்டையும், அதாவது இத்தனை மாதத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தத்தையும், பாருங்கள். "பாண்டெல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இடையில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்றே 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு தொகை, எத்தனை மாதம், மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜாயினிங் போனஸைத் திருப்பித் தரவேண்டி வந்தால் வரி பிடித்தபின் வந்த தொகையா, பிடிக்குமுன் உள்ள தொகையா என்பதையும் கேளுங்கள். அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

ஊரோடு இருந்து வேலை பார்க்கும் ஆசை நியாயமானது. திருச்சி நவல்பட்டில் அரசின் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் ஐ.டி. பூங்கா வந்துவிட்டது. சிறிய கம்பெனியில் டேட்டாபேஸ், சர்வர் எல்லாம் உங்கள் கைக்கே வரும்; தவறைச் சுட்டிக்காட்ட சீனியர் இருக்கிறாரா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. பெங்களூர் வேலையை வீட்டிலிருந்து பார்ப்பதென்றால், முதல் மூன்று மாதம் டீமோடு ஆபீஸில் உட்கார நீங்களே கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு பிழையைத் தேடும் விதத்தைப் பார்த்துக் கற்பது வீடியோ காலில் கிடைக்காது.

கேம்பஸில் கூட்டமாக எடுக்கப்படும் புதியவர்களுக்கு இதில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. அவர்கள் பயிற்சி முடிவதற்குள், எந்தப் பிரிவு வேண்டும் என்று பேட்ச் பொறுப்பாளருக்கு ஒரு மெயில் அனுப்பலாம். மற்றவர்கள், மெயிலுக்கு இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் ஒரு போன் போடுங்கள். அப்போதும் பிடிகொடுக்காமல் பேசினால், இருக்கும் வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.